வடிக்காத பாத்தி

மலர்கொடி வரப்பின் மேல் ஓடினாள். தோளில் மண் நிரப்பிய சாக்கு. ஒரு செருப்பு சேற்றோடு போய்விட்டது. இன்னொன்றை அவளே உதறிவிட்டாள். எதிரே ஆழப் பாத்தியின் மடை திறந்து கிடந்தது. தண்ணீர் சத்தமே இல்லாமல், கண்ணாடித் தகடு நழுவுவது போல வாய்க்காலில் இறங்கிக்கொண்டிருந்தது.

“ஜான்சண்ணே! பலகை! சீக்கிரம் தூக்கினு வாங்க!”

சாக்கை மடை வாயில் எறிந்தாள். தண்ணீர் அதைப் புரட்டப் பார்த்தது. சாக்கின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டாள். கண்டெய்னர் பக்கமிருந்து ஜான்சன் பலகையோடு ஓடி வந்தார். மரக்காணம் கடற்கரையில் ஐஸ் கம்பெனி மெக்கானிக்காக இருந்தவர். இப்போது அவளோடு சேர்ந்து மெஷின் பார்க்கிறவர். பலகையை மடையில் செருகி, காலால் உதைத்து இறக்கினார். களிமண்ணை அள்ளி அப்பினார்.

தண்ணீர் நின்றது.

வரப்பில் மண்வெட்டியோடு நின்ற முத்தம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மலர்கொடியின் பாத்திகளில் உப்பு வாரும் பெண்களில் மூத்தவள் அவள். நாக்கும் மூத்த நாக்கு.

“என்னாடி மலரு, கோழி அடைகாக்குற மாதிரி உக்காந்துனு இருக்குற? முட்டை பொரிக்குமா?”

“யாருக்கா மடையத் தொறந்தது?”

“நான்தான். நேத்து அந்த மழை பேஞ்சுது இல்ல? பாத்தியில மழைத்தண்ணி நின்னா வடிக்கணும். ஊரே வடிக்குது. நீ மெஷினு மெஷினுன்னு அந்த டப்பாக்குள்ளயே கெடக்குற. பாவமேன்னு நான் தொறந்து வுட்டேன்.”

“என்னைப் பாத்துப் பாவப்படாதக்கா. இந்தப் பாத்தியத் தொடாத.”

“ஏன்?”

“தொடாதன்னா தொடாத.”

முத்தம்மாள் மோவாயை இடித்துக்கொண்டாள். அவள் மேல் தப்பில்லை. ஆடி மாதத்தில் திடீரென்று மழை கொட்டினால் உப்பளத்தில் முதல் வேலை மடை திறப்பதுதான். மழைத்தண்ணீர் லேசு, மேலே நிற்கும். உப்புத்தண்ணீர் கனம், அடியில் படுத்திருக்கும். மேலே நிற்பதை வடித்துவிட்டால்தான் அடியில் இருப்பது உப்பாகும். இது தெரியாதவன் மரக்காணத்தில் பெண் கேட்டுப் போக முடியாது. அப்படிப்பட்ட ஊரில் மலர்கொடி இந்த ஒரு பாத்தியை மட்டும் வடிப்பதே இல்லை. மார்பளவு ஆழம். நான்கு பக்கமும் சிவப்புத் துணிக் கொடி, ‘இறங்காதே’ என்று பலகை. டீக்கடையில் இதைச் சொல்லிச் சொல்லியே சிரித்தார்கள்.

மலர்கொடி குனிந்து தண்ணீரின் விளிம்பைப் பார்த்தாள். நான்கு விரற்கடைதான் இறங்கியிருந்தது.

“பொழச்சோம்ணே” என்றாள் மெதுவாக.

“இல்லம்மா” என்றார் ஜான்சன், அவள் தலைக்கு மேல் எங்கேயோ பார்த்தபடி. “அங்க பாரு.”

ஈ.சி.ஆர். ரோட்டிலிருந்து பிரிந்து வரும் மண் பாதையில் ஒரு ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது. அதற்கு முன்னால், வழி காட்டிக்கொண்டு, ஒரு வெள்ளைக் கார். அந்தக் காரை எல்லோருக்கும் தெரியும்.

சடையப்பன்.

*

சடையப்பன் இறங்கும்போதே வேட்டியை மடித்துக் கட்டினார். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய வரை அவருடைய உப்பளம். நடுவில் மலர்கொடியின் குத்தகை நிலம் மட்டும் விழாத ஒற்றைப் பல்லாக நின்றது. அதைப் பிடுங்க அவர் செய்யாத வைத்தியம் இல்லை.

“மேடம், இதான் அந்தத் திருட்டு டப்பா” என்றார், கண்டெய்னரைக் காட்டி.

“டப்பா என்னுது. திருட்டு யாருதுன்னு பாத்துதான் சொல்லணும்ணே” என்றாள் மலர்கொடி, சேற்றுக் காலோடு.

ஜீப்பிலிருந்து இறங்கிய பெண்ணுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, கையில் கரண்ட் அளக்கும் கவ்வி மீட்டர். மின்வாரியப் பறக்கும் படை இன்ஜினியர் தமிழ்நிலா. பின்னால் இரண்டு லைன்மேன்கள்.

“புகார் வந்திருக்கு. இங்க பகல்ல சோலார்ல மெஷின் ஓடுது. பொழுது போனதுக்கு அப்புறமும் ஓடுது. எங்க லைன்லருந்து உங்களுக்கு சர்வீஸே கிடையாது. பூமிக்கு அடியில கேபிள் போட்டுத் திருடுறீங்கன்னு சொல்றாங்க.”

“சொல்றவங்க நெறைய சொல்வாங்க மேடம். தோண்டிப் பாருங்க.”

“இது அரசு குத்தகை நிலம். திருட்டு நிரூபணமானா கண்டெய்னருக்கு சீல். உங்க மேல கேஸ். குத்தகையும் ரத்தாகும். தெரியுமில்ல?”

“தெரியும். ரத்தானா யாரு கைக்குப் போகும்னும் தெரியும்.”

சடையப்பன் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடல் ரொம்ப அழகாக இருப்பது போல.

தமிழ்நிலா கண்டெய்னருக்குள் நுழைந்தாள். காதைப் பிளக்கும் விசிறிச் சத்தம். அடுக்குப் பலகையில் வரிசையாக இரும்புப் பெட்டிகள். ஒவ்வொன்றும் செங்கல் சூளை மாதிரி அனலைக் கக்கிற்று. இராப்பகலாகக் கணக்குப் போட்டு பிட்காயின் தோண்டும் கம்ப்யூட்டர்கள். சிறுசேரியில் சர்வர் கம்பெனியின் மின்சாரப் பிரிவில் இருந்த மலர்கொடி, வேலையை விட்டுவிட்டு வந்து இவற்றை இங்கே நிறுத்தியபோது ஊர் சிரித்தது. இதில் வந்ததை வைத்து அவள் சோலார் பம்பு போட்டு, உப்புத்தண்ணீருக்காகச் சடையப்பன் வாசலில் நிற்பதை நிறுத்தியபோது சிரிப்பும் நின்றது. புகார்கள் ஆரம்பித்தன.

“பேட்டரி எங்க?”

“கெடையாது.”

“ஜெனரேட்டர்?”

“டீசல் நாத்தமே இல்லாத எடத்துல ஜெனரேட்டரா மேடம்?”

பின் தடுப்பில் ஒரு பெரிய பழைய கம்ப்ரசர் உறுமிக்கொண்டிருந்தது. அதிலிருந்து கோணி சுற்றிய தடித்த குழாய்கள் கண்டெய்னரைத் துளைத்து வெளியே போய், ஆழப் பாத்தியில் முங்கின.

“இது?”

“ஐஸ் கம்பெனியில வாங்கினது மேடம்” என்றார் ஜான்சன். “தண்ணி சுத்துறதுக்கு பைப்பு.”

“ஓ, கூலிங்கா” என்று தமிழ்நிலா தலையாட்டிக்கொண்டாள். மெஷின் சூட்டைத் தண்ணீரில் விடுகிறார்கள். நியாயம்தான். ஜான்சன் துணியை எடுத்துக் குழாயைத் துடைக்க ஆரம்பித்தார்.

லைன்மேன்கள் எல்லையைச் சுற்றிலும் கடப்பாரையால் குத்திப் பார்த்தார்கள். களிமண், உப்பு, மறுபடி களிமண். கேபிள் இல்லை. மேற்கே பிரம்மதேசம் பக்கம் சூரியன் சிவந்து இறங்கத் தொடங்கியது.

தமிழ்நிலா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மலர்கொடியைத் தனியே அழைத்தாள். குரல் கொஞ்சம் இளகியிருந்தது.

“இங்க பாருங்க. இருட்டினா சோலார் செத்துடும். அப்ப நீங்களே மெஷின நிறுத்திட்டா எனக்கு எழுத ஒண்ணுமில்ல. நான் போயிடுவேன். ஓடுச்சுன்னா, எங்கேர்ந்து கரண்ட்டுன்னு நீங்க சொல்லியே ஆகணும்.”

“நிறுத்த மாட்டேன்.”

“ஏங்க, ஒரு ராத்திரிதானே!”

“இது உப்புக்காத்து மேடம். மெஷின் ஆறிப்போனா ஈரம் போர்டுல வந்து உக்காந்துக்கும். விடிஞ்சா எல்லாத்துலயும் பச்சை பூத்திருக்கும். பொழுது போனா பத்துல எட்ட நிறுத்துவேன். ரெண்டு ஓடும். அந்த ரெண்டோட சூட்டுலதான் மிச்ச எட்டும் உசிரோட இருக்குது.” அவள் சடையப்பனைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். “அதுவுமில்லாம, இன்னிக்கு நிறுத்தினா நாளைக்கு இவரு என்னா சொல்வாரு? ஆபீசரப் பாத்து பயந்து ஆஃப் பண்ணிட்டா, அப்ப திருடிதானேம்பாரு. ஓடும் மேடம். நீங்க நின்னு பாருங்க.”

“அப்ப எங்கேர்ந்து வருதுன்னு சொல்லுங்க.”

“உங்க கம்பத்துலருந்து இல்ல. அத நிரூபிக்கத்தான் நீங்க வந்துக்கிறீங்க. மிச்சது என் ரகசியம்.”

தமிழ்நிலாவின் முகம் இறுகியது. “உங்க இஷ்டம்.”

ஜான்சன் மலர்கொடியின் பக்கத்தில் வந்து முணுமுணுத்தார். “சொல்லித் தொலையேம்மா. பொண்ணு நல்ல மாதிரி தெரியுது.”

“நல்ல மாதிரிதாண்ணே. ஆனா இவ காதுல விழுந்தா அந்தாளு காதுலயும் விழும். தெரிஞ்சுதுன்னா ஒரே நாள்ல கலக்கி அழிச்சிடுவாரு. நமக்கு மறுபடி கட்ட மாசக்கணக்காவும்.”

ஜான்சன் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு கம்ப்ரசரிடம் போனார்.

*

சூரியன் முங்கியது. சோலார் பலகைகள் கறுத்தன. மலர்கொடி சொன்னபடி எட்டுப் பெட்டிகளை அணைத்தாள். விசிறிச் சத்தம் படிப்படியாக அடங்கி, கடைசியில் இரண்டு பெட்டிகளின் ரீங்காரம் மட்டும் நின்றது. பச்சை விளக்குகள் கண் சிமிட்டின.

ஓடிக்கொண்டிருந்தன.

“பாத்தீங்களா மேடம்!” சடையப்பன் கையைத் தட்டினார். “சூரியன் போயிட்டாரு, மெஷின் போவல! திருட்டுக் கரண்ட் இல்லாம பேயா வந்து ஓட்டுது?”

“பேயா இருந்தா உங்க வீட்டுக்குத்தாண்ணே மொதல்ல வரும். எடம் பெருசு” என்றாள் மலர்கொடி.

முத்தம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

தமிழ்நிலா சிரிக்கவில்லை. கவ்வி மீட்டரை ஒவ்வொரு ஒயராகப் பொருத்திப் பார்த்தாள். கரண்ட் வந்துகொண்டிருந்தது. பின் தடுப்பிலிருந்து வந்தது. பிறகு போனை எடுத்தாள்.

“சப் ஸ்டேஷனா? உப்பளம் ஃபீடர கொஞ்சம் ஆஃப் பண்ணுங்க. ஆமா, முழுசா. நான் சொல்ற வரைக்கும் போடாதீங்க.”

சடையப்பன் திடுக்கிட்டார். “மேடம், என் உப்பு பாக்கெட் போடுற ஃபேக்டரி ஓடுது...”

“கொஞ்ச நேரம்தான் சார். உங்க புகாருக்காகத்தான்.”

அவள் திட்டம் எளிமையானது. எங்கே கேபிள் புதைத்திருந்தாலும் இந்தப் பக்கம் முழுக்கக் கரண்ட் கொண்டுவரும் இந்த ஃபீடர் லைனில்தான் அது கொக்கி போட்டிருக்க வேண்டும். ஃபீடர் செத்தால் திருட்டும் சாகும்.

எல்லோரும் காத்திருந்தார்கள். ஜான்சனின் உதடு ஜெபத்தில் அசைந்தது. மலர்கொடி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மடை திறந்ததில் இறங்கிய அந்த நான்கு விரற்கடையை மட்டும் மனதுக்குள் திரும்பத் திரும்ப அளந்தாள். தாங்குமா?

டப்.

சடையப்பனின் ஃபேக்டரி விளக்குகள் அணைந்தன. அவருடைய பம்புகள் இருமிவிட்டு நின்றன. கோட்டைமேடு போல நின்ற உப்புக் குவியல்கள் இருட்டில் மறைந்தன. தூரத்துக் குப்பத்தில், சீரியல் பாதியில் நின்றுபோன வீடுகளிலிருந்து ஒரு கோபக் கூச்சல் எழுந்தது.

அந்தக் கரையிலேயே ஒரே இடத்தில் வெளிச்சம் இருந்தது. கண்டெய்னருக்குள், ஒரு பச்சை விளக்கும் அணையாமல், இரண்டு பெட்டிகளும் ரீங்கரித்துக்கொண்டிருந்தன.

லைன்மேன் ஒருவர் தன்னை மறந்து, “அடேங்கப்பா!” என்றார்.

“எழுதிக்குங்க மேடம்” என்றாள் மலர்கொடி. “ஊருக்கே கரண்ட் இல்ல. எனக்கு இருக்குது. இல்லாதத நான் எப்பிடித் திருடுவேன்?”

“தண்ணி!” சடையப்பன் கத்தினார். “தண்ணிக்குள்ள போவுது மேடம்! அந்த பைப்பு! கூலிங்காவது மண்ணாங்கட்டியாவது! கால்வாய்க்கு அந்தாண்ட வேற லைன் இருக்குது. அங்கேர்ந்து தண்ணிக்கு அடியில கேபிள் இழுத்துக்கிறா! அதான் இந்தப் பாத்திய வடிக்கவே மாட்டேங்கிறா! அதான் கொடி கட்டி வச்சிருக்கிறா!”

தமிழ்நிலா ஆழப் பாத்தியைப் பார்த்தாள். முதல் முறையாக மலர்கொடியின் முகம் வெளிறியதையும் பார்த்தாள்.

“இருங்க, நானே இழுத்துக் காட்டுறேன்!”

“அண்ணே, எறங்காதீங்க!”

“பாருங்க, பயந்துட்டா!”

“கேபிளுக்காக இல்லண்ணே, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். எறங்காதீங்க!”

“ஏய், உப்புத்தண்ணியில பொறந்தவன்டி நான். எனக்கே பூச்சாண்டி காட்டுறியா?”

சடையப்பன் கொடிக்கம்பைத் தள்ளிவிட்டு இறங்கினார். முழங்கால் வரை தண்ணீர். “ஜில்லுனு இருக்குது, வேற ஒண்ணுமில்ல!” என்று திரும்பிப் பார்த்து இளித்தார். குழாயைத் தடவிக்கொண்டே சரிவில் இன்னும் கீழே போனார். இடுப்பு. கால் அடியைத் தேடி இறங்கியது.

அடுத்த கணம் அவர் போட்ட அலறலில் வரப்பில் உறங்கப் போன கொக்குகள் எழும்பிப் பறந்தன.

“ஐயோ! யம்மா! ஐயய்யோ!”

மலர்கொடி வரப்பில் குப்புற விழுந்து அவர் கையைப் பற்றினாள். ஜான்சன் அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தார். மூன்று பேரும் சேறாக வரப்பில் வந்து விழுந்தார்கள். சடையப்பனின் பாதங்கள் இரண்டும் வெந்த இறால் போலச் சிவந்திருந்தன.

“ஷாக்கு! ஷாக் அடிச்சுது மேடம்! தண்ணியில கரண்ட் வுட்டுக்கிறா, கொலைகாரி!”

தமிழ்நிலா டெஸ்டரை ஒயரில் கட்டித் தண்ணீரில் இறக்கினாள். அதன் விளக்கு எரியவில்லை. “கரண்ட் இல்ல சார்.”

முத்தம்மாள் குடத்தோடு ஓடி வந்து அவர் காலில் குடிதண்ணீரை ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே பாதத்தை உற்றுப் பார்த்தாள். “ஷாக்கு இல்ல மொதலாளி. இது வெந்துக்குது.”

“வெந்துதா?” சடையப்பன் பல்லைக் கடித்தார். புரிந்துவிட்டது அவருக்கு. அவர் புரிந்துகொண்ட விதத்தில். “மெஷின் சூட்டையெல்லாம் தண்ணியில வுட்டு, பாத்தியவே கொதிக்க வச்சிக்கிறாளே பாவி! இரு, இதுக்கும் ஒரு புகார் எழுதுறேன்!”

“எழுதுங்கண்ணே. மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க. கொப்புளம் உடைக்காதீங்க” என்றாள் மலர்கொடி.

“மேடம், கேபிள்...”

“குழாய்தான் சார். கேபிள் இல்ல. ஃபீடர் ஆஃப்லயும் ஓடுது, மெஷினுக்கு எங்க வாரியத்து மின்சாரம் வரல. அதத்தான் எழுதுவேன்” என்றாள் தமிழ்நிலா. போனை எடுத்து ஃபீடரைப் போடச் சொன்னாள். குப்பத்தில் சீரியல் திரும்பி வந்த ஆரவாரம் கேட்டது.

லைன்மேன்கள் சடையப்பனைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போய்க் காரில் ஏற்றினார்கள். வண்டி கிளம்பும்போதும் கண்ணாடியை இறக்கி, “வுட மாட்டேன்டி!” என்று கத்தினார்.

“நானும் போவ மாட்டேண்ணே!” என்று பதிலுக்குக் கத்தினாள் மலர்கொடி.

சிவப்பு விளக்குகள் ஈ.சி.ஆர். பக்கம் மறைந்தன.

*

தமிழ்நிலா போகவில்லை. ஜீப்பில் கிடந்த தண்ணீர் பாட்டிலைக் காலி செய்து, ஒரு கல்லைக் கட்டி, கயிற்றில் பாத்திக்குள் விட்டாள். அடியைத் தொட்டதும் சட்டென்று மேலே இழுத்தாள். பாட்டிலின் வாயிலிருந்து ஆவி பறந்தது. பிறகு கையை மேல் தண்ணீரில் விட்டுப் பார்த்தாள். சில்லென்றிருந்தது.

“பத்து மெஷினு” என்றாள், யாரிடமோ பேசுவது போல. “பத்து மெஷின் சூட்டுல ஒரு ஏக்கர் தண்ணி இப்பிடிக் கொதிக்காது. அவரு சொன்னது தப்பு. நானும் தப்பாத்தான் நினைச்சிருக்கேன். குழாயில சூடு இங்கேர்ந்து அங்க வரல. இல்லையா?”

மலர்கொடி பாதை முழுவதையும் ஒரு தடவை பார்த்தாள். வெள்ளைக் கார் எங்கும் இல்லை. ஜான்சனைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார்.

“அக்கா, இங்க வா” என்று முத்தம்மாளைக் கூப்பிட்டாள். “மத்தியானம் மடையத் தொறந்துட்டு ஏன்னு கேட்ட இல்ல?”

“கேட்டேன். வாய மூடுன்னுட்ட.”

“இப்ப கேளு. அடியில கெடக்குற உப்புத்தண்ணி பகலெல்லாம் வெயிலக் குடிக்குது. குடிச்ச சூட்ட வெளிய வுடணும்னா மேல வரணும். கனம், அதால மேல வர முடியாது. மேல நிக்கிற மழைத்தண்ணி அதுக்குக் கம்பளி மாதிரி. மாசக்கணக்கா போத்திக்கினே கெடந்தா அடியில கொதிக்கும். ஜான்சண்ணே அந்தச் சூட்டுல ஐஸ் மெஷின் கேஸக் கொதிக்க வச்சு, அந்த வேகத்துல கம்ப்ரசர தலைகீழா சுத்த வுடுறாரு. ஐஸ் உண்டாக்குன மெஷினு இப்ப கரண்ட் உண்டாக்குது.”

முத்தம்மாளின் கையிலிருந்த குடம் மெதுவாகத் தரையில் இறங்கியது.

“அப்போ... மெஷின் இந்தத் தண்ணிய சூடாக்கல?”

“இல்லக்கா. இந்தத் தண்ணிதான் மெஷின ஓட்டுது. ஊரே பாத்துச் சிரிச்ச இந்த வடிக்காத பாத்திதான் என் பவர் ஹவுஸ்.”